2007 ஆல்டோ: ஊருக்குள் சூடு, ரிங் ரோட்டில் குளிர்ச்சி, சூடாக நிறுத்தினால் ஸ்டார்ட் இல்லை

#1 வைகைக்கரை

வண்டி 2007 ஆல்டோ எல்எக்ஸ்ஐ, 796 சிசி, பெட்ரோல் மட்டும், 1,12,000 கிமீ. மதுரை ஊருக்குள் தினமும் 12 கிமீ, மாசம் ஒரு தடவை திருச்சி.

கோரிப்பாளையம் சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நின்னா டெம்பரேச்சர் முள் முக்கால் தாண்டுது. ரிங் ரோடு ஏறி 60-ல போனா கடகடன்னு இறங்கி கால்வாசிக்கும் கீழ போயிடுது. சூடா நிறுத்திட்டுப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தா செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கல. நாலாவது தடவைதான் பிடிக்குது. காலையில் முதல் தடவையே பிடிக்கும். ஐடிலிங் (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம்) ஏறி ஏறி இறங்குது. மைலேஜ் 17-ல இருந்து 12.

ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா அடியில் வெள்ளையா கஞ்சி மாதிரி இருக்கு. மெக்கானிக் அதைப் பார்த்துட்டு ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல தண்ணியும் ஆயிலும் கலக்காம அடைக்கிற தகடு) போச்சு, ஹெட் இறக்கணும், ரேடியேட்டரும் மாத்தணும், 25,000 ஆகும்னு சொல்றார். இறக்கலாமா?

#2 பதினேழாம்_ஸ்பேனர்

இறக்காதீங்க. டிப்ஸ்டிக்ல (ஆயில் மட்டம் பாக்குற கம்பி) வர்ற ஆயில் என்ன நிறம்? கூலன்ட் டப்பாவுல எண்ணெய்ப் படலம் இருக்கா? வாரத்துக்கு எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க? இந்த மூணுக்கும் பதில் சொல்லுங்க, அப்புறம் ஹெட்டைப் பத்திப் பேசலாம்.

#3 மூணு_சிலிண்டர்

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது முள் கால்வாசிக்குக் கீழே போகிறது என்பதுதான் முக்கியமான வரி. தெர்மோஸ்டாட் உள்ளே இருந்து ஒழுங்காக வேலை செய்தால் அப்படிப் போகவே போகாது. இன்ஜின் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை அது ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும். உங்கள் வண்டியில் அது திறந்தபடியே இறுகிவிட்டது, அல்லது யாரோ எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். நான் இரண்டாவதன் மேல் பந்தயம் கட்டுவேன். “நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு” என்று கழற்றுவது இங்கே பரம்பரை வைத்தியம்.

அதைக் கழற்றியதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். இன்ஜின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடுகிறது. தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார் “இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது” என்று ஈசியுவிடம், அதாவது இன்ஜினை நடத்தும் கணினியிடம், சொல்கிறது. ஈசியு பெட்ரோலைக் கூட்டி விடுகிறது, ஐடிலிங்கையும் தூக்கிப் பிடிக்கிறது. மைலேஜ் விழுகிறது, பிளக் கரி பிடிக்கிறது. ஆயில் போதுமான அளவு சூடேறாததால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போவதில்லை. வால்வு மூடி குளிர்ந்த இடம் என்பதால் அங்கே போய் ஆயிலோடு கலந்து கஞ்சியாக ஒட்டிக்கொள்கிறது. தினமும் 12 கிமீ மட்டும் ஓடும் வண்டியில் இது இன்னும் அதிகம். மூடியில் மட்டும் கஞ்சி, டிப்ஸ்டிக்கில் தெளிந்த ஆயில் என்றால் அது ஹெட் கேஸ்கெட் இல்லை.

ஊருக்குள் ஏறும் சூடு தனி நோய். ஓடும்போது காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன் குளிர்விக்க வேண்டும். நிற்கும்போது மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன், இரண்டாவது ரேடியேட்டர் அடைப்பு, மூன்றாவதுதான் மற்றவை. ஸ்டார்ட் ஆகாதது மூன்றாவது நோயாக இருக்கலாம். மூன்றையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதால்தான் ஹெட் வரைக்கும் போய்விட்டார்கள்.

#4 பழைய_இரும்பு

தெர்மோஸ்டாட் இல்லாட்டி தண்ணி வேகமா ஓடும், ரேடியேட்டர்ல நின்னு ஆற நேரம் இருக்காது, அதனாலதான் ஊருக்குள்ள சூடு ஏறுது. ரெண்டும் ஒரே காரணம்தான்.

#5 மூணு_சிலிண்டர்

இது எல்லா பட்டறையிலும் சொல்வது, ஆனால் தவறு. தண்ணீர் வேகமாகப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாக ஆறும், ஆனால் சுற்று அதிகம். மொத்தத்தில் வெளியேறும் சூடு கூடுமே தவிரக் குறையாது. ஐடிலிங்கில் பம்ப்பே மெதுவாகத்தான் சுற்றுகிறது, இதில் வேகம் எங்கிருந்து வந்தது?

#6 வைகைக்கரை

டிப்ஸ்டிக் ஆயில் கறுப்பு, தெளிவாத்தான் இருக்கு. டப்பாவுல எண்ணெய் இல்ல, ஆனா தண்ணி துருப்பிடிச்ச காபி நிறம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அரை லிட்டர் ஊத்துறேன். ஊத்துறது வீட்டு போர் தண்ணி. ஏசி போட்டா முன்னாடி ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது, அதனால ஃபேன் நல்லாத்தான் இருக்கு.

#7 பதினேழாம்_ஸ்பேனர்

அந்த சத்தத்தை நம்பாதீங்க. ஏசி போட்டா ஓடுறது கண்டென்சர் ஃபேன், ரேடியேட்டர் ஃபேன் வேற. பானட்டைத் தூக்கி எது சுத்துதுன்னு கண்ணால பாருங்க.

செய்ய வேண்டியது: ஏசியை ஆஃப் பண்ணிட்டு இன்ஜினை ஐடிலிங்ல விடுங்க. தண்ணி 100 டிகிரியை ஒட்டி வரும்போது ரேடியேட்டர் ஃபேன் தானா ஓடணும், சூடு இறங்கினதும் நிக்கணும். முள் முக்கால் தொட்டும் ஓடலைன்னா இன்ஜினை நிறுத்தி ஆற விட்டுட்டு, ஃபேன் மோட்டார் சாக்கெட்டைக் கழட்டி பேட்டரியில இருந்து ரெண்டு வயர் நேரா குடுங்க. ஓடினா மோட்டார் நல்லது. அடுத்து சாக்கெட்டை மாட்டிட்டு, சாவியை ஆன்ல வச்சு, தண்ணி டெம்பரேச்சர் சென்சார் சாக்கெட்டைக் கழட்டுங்க. முள்ளுக்குப் போற ஒத்தை வயர் இல்ல, ஈசியுவுக்குப் போற ரெண்டு வயர் சென்சார். அது கழண்டா ஈசியு பயந்துக்கிட்டு ஃபேனை ஓட விடும். சில வண்டியில இதுக்கு இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும். அப்பவும் ஓடலைன்னா ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு கரன்ட் விடுற சுவிட்ச்), வயரிங். ரிலேயைப் பக்கத்துல இருக்கிற அதே மாதிரி ரிலேயோட மாத்திப் போட்டுப் பாருங்க, செலவே இல்லை.

கை, துண்டு, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போக வேண்டாம். இன்ஜின் நின்னிருந்தாலும் சாவி ஆன்ல இருந்தா எப்ப வேணா சுத்தும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

#8 மூணு_சிலிண்டர்

மல்டிமீட்டர் இருந்தால் அந்தச் சென்சாரின் ஓம் அளவையும் பாருங்கள். 20 டிகிரியில் சுமார் 2.4 கிலோ ஓம், 40-ல் 1.15, 80-ல் 0.3 அளவில் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்தால் அன்றைய வெயில் அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் பயம் தீர இரண்டு சோதனை போதும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழ் வருவது சகஜம். சோடா பாட்டில் மாதிரி நிற்காமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. அல்லது மூடியைப் போட்டே ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம். பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்): பிளக் மூன்றையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, காயில் சாக்கெட்டைப் பிரித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் வைத்து ஐந்தாறு சுற்று. மூன்றுக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

#9 பெட்ரோல்_வாசம்

மைலேஜ் பத்தி ஒரு வார்த்தை. யாராவது வந்து இ20-தான் (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) காரணம்னு சொல்றதுக்கு முன்னாடி நானே கணக்கு சொல்லிடுறேன். எத்தனால்ல பெட்ரோலோட மூணுல ரெண்டு பங்கு சக்திதான். 10 சதவீதத்துல இருந்து 20 ஆனதுக்கு மூணரை சதவீதம் அளவுல மைலேஜ் குறையும். 17 ஓடினது பதினாறரைக்குக் கொஞ்சம் கீழ வரும். 12-க்கு வராது.

ஆனா 2007 வண்டிக்கு இ20 வேற இடத்துல வேலை காட்டும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், ஓ ரிங் எல்லாம் 20 சதவீதத்தை நினைச்சு செஞ்சது இல்லை. டாங்கில இருந்து ஃபில்டர், ஃபில்டர்ல இருந்து இன்ஜின் வரைக்கும் ஒவ்வொரு ரப்பர் துண்டையும் வளைச்சுப் பாருங்க. மேல வெடிப்பு, பிசுபிசுப்பு, கிளிப் பக்கம் உப்பல், நிறுத்தின வண்டியில பெட்ரோல் வாசம், இதுல எது இருந்தாலும் மாத்தணும். சாதா பெட்ரோல் டியூப் போடாதீங்க, எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வச்சு பெட்ரோல் பீச்சுற முறை) பிரஷர் தாங்காது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு மேல அச்சடிச்ச ஹோஸ் கேளுங்க. மாசக்கணக்கா நிறுத்துற வண்டின்னா டாங்கை அரைகுறையா வைக்காதீங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அடியில தண்ணி தங்கும், டாங்க் துருப்பிடிக்கும்.

#10 பழைய_இரும்பு

போர் தண்ணி ஊத்துறதைப் பெரிய குத்தமா சொல்லப் போறீங்கன்னு தெரியும். நம்ம ஊர்ல பனியா பெய்யுது? ஆன்டி ஃப்ரீஸ் எதுக்கு? எத்தனையோ பழைய வண்டி வெறும் தண்ணியிலதான் ஓடுச்சு.

#11 மூணு_சிலிண்டர்

உறையாமல் இருப்பது கூலன்ட்டின் மூன்று வேலைகளில் ஒன்று மட்டுமே. நமக்குத் தேவையில்லாத ஒன்று. மற்ற இரண்டும் வேண்டும்.

ஒன்று துரு. இந்த இன்ஜினில் அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் நனைகின்றன. இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம்தான் முதலில் கரையும். ஹெட்டில் ஹோஸ் மாட்டும் மூக்கு, தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப் இலை எல்லாம் அரித்துப் பொரிந்து நிற்பதற்கு இதுதான் காரணம். கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பு ரசாயனம் இதை நிறுத்துகிறது. நாள்பட அது தீர்ந்துபோவதால்தான் மாற்றச் சொல்கிறார்கள். மற்றொன்று கொதிநிலை. அதில் பாதி வேலை ரேடியேட்டர் மூடியுடையது. குக்கர் வெயிட் மாதிரிதான்: 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்துப்போனால் 100-லேயே கொதித்து டப்பா வழியாக வெளியே தள்ளும். பதினைந்து நாளைக்கு அரை லிட்டர் குறைவதற்கு மூடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போர் தண்ணீர் பற்றி: வீட்டு ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் ஹெட்டின் தண்ணீர் வழியிலும் படிகிறது.

பழைய வண்டிகள் வெறும் தண்ணீரில் ஓடின என்பது உண்மை. பித்தளை ரேடியேட்டர், அதைக் கழற்றி ராடு விட்டுக் குத்தி, ஈயம் வைத்து ஒட்ட வீதிக்கு ஒரு கடை. அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வரும் ரேடியேட்டரில் அந்த வைத்தியம் நடக்காது.

#12 முத்துநகர்

இடையில் ஒரு கேள்வி. தூத்துக்குடியில் ஓடும் 2006 ஆல்டோ. முன் இடது கார்ப்பெட் எப்போதும் ஈரம். அடியில் தகடு துருப்பிடித்து ஒரு இடத்தில் ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது. மேலே ஆன்டி ரஸ்ட் அடித்தால் போதுமா?

#13 பதினேழாம்_ஸ்பேனர்

முதல்ல ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. விரல்ல தொட்டு மோந்து பாருங்க. வழவழன்னு, இனிப்பு வாசமா, நிறத்தோட இருந்தா காருக்குள்ள சூடு காத்து தர்ற ஹீட்டர் காயிலோ அதோட ஹோஸோ ஒழுகுது, அது கூலன்ட். வெறும் தண்ணியா, ஏசி ஓடுற நாள்ல மட்டும் வந்தா ஏசி தண்ணி வெளியே போற குழாய் அடைச்சிருக்கு இல்ல கழண்டிருக்கு. கீழ இருந்து மெல்லிசா காத்து அடிச்சா எடுத்துக்கும். மழை நாள்ல மட்டும் வந்தா வைப்பருக்குக் கீழ இருக்கிற தட்டுல இலை அடைச்சு தண்ணி உள்ள வழியுது, இல்ல முன் கண்ணாடி ரப்பர்.

ஸ்குரூடிரைவர் இறங்கிற தகட்டு மேல கோட்டிங் அடிக்கிறது புண்ணு மேல பிளாஸ்திரி. ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு இன்னும் வேகமா தின்னும். சீட், கார்ப்பெட், அடியில இருக்கிற ஒலித்தடுப்பு பஞ்சு எல்லாத்தையும் கழட்டி ரெண்டு நாள் வெயில்ல காய வையுங்க. பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் துருவை வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்டிங் பண்ணணும். ரிவெட் அடிச்சு பட்டி வைக்கிறதை ஒத்துக்காதீங்க, கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டிப் பகுதியும் தரையும் சேர்ந்துதான் பாடிக்கு பலம். வெல்டிங் பண்ற முன்னாடி பேட்டரி ரெண்டு டெர்மினலும் கழட்டணும், ஈசியு சாக்கெட்டையும் கழட்டுறது நல்லது. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அடியிலதான் ஓடுது, அதை ஒதுக்காம கேஸ் வெல்டிங் பக்கம் போகக் கூடாது. அப்புறம் பிரைமர், ஜாயின்ட் ஓரத்துல சீலர், கடைசியாத்தான் கோட்டிங்.

அதே ஸ்குரூடிரைவரால முன் ஸ்ட்ரட் மேல மாட்டுற இடத்தையும் பின் ஆக்சில் ஆர்ம் மாட்டுற இடத்தையும் குத்திப் பாருங்க. அங்க இறங்கினா செலவு பண்றதைப் பத்தி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. 15 வருஷத்துக்கு மேல ஆன வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனைக்குப் போயாகணும்.

#14 வைகைக்கரை

செய்து பார்த்த அளவு எல்லாம்:

கம்ப்ரஷன் 12.5, 12.3, 12.4. மூடி திறந்து பார்த்ததில் ஆரம்பத்தில் நாலஞ்சு குமிழ், அப்புறம் இல்லை. சென்சார் காலையில் 30 டிகிரியில் 1.7 கிலோ ஓம். ஃபேன் மோட்டார் பேட்டரியில் நேரா குடுத்தா வேகமா ஓடுது. சென்சார் சாக்கெட் கழட்டினா ஓடல. ரிலேயை மாத்திப் போட்டா ஓடுது, ஆனா மெதுவா, சோம்பேறித்தனமா. தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒண்ணும் இல்லை!

#15 மூணு_சிலிண்டர்

சரி, ஹெட்டை விட்டுவிடலாம். சென்சாரும் நல்லது. ரிலே போய்விட்டது, புதியது போடுங்கள். மெதுவாக ஓடுவதற்கு எர்த் அல்லது பாசிட்டிவ் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் முனையிலும், சிவப்பை மோட்டாரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. அதே மாதிரி பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டாரின் பிளஸ் வயருக்கும் இடையே. ஓடாமல் இருக்கும்போது அளந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும்; மின்சாரம் ஓடும்போதுதான் குறை வெளியே வரும்.

#16 வைகைக்கரை

எர்த் பக்கம் 2.1 வோல்ட்! ரேடியேட்டர் ஓரத்தில் பாடியோட சேர்ற எர்த் போல்ட்டைக் கழட்டினா, வளையத்துக்கு அடியில் பச்சையும் சிவப்புமா துரு. எமெரி தாளால் தேய்ச்சு, இரும்பு தெரிய வச்சு, மாட்டி, மேல வாசலின் தடவியாச்சு. இப்ப 0.1. ஃபேன் விமானம் மாதிரி சுத்துது.

ஆனா சிக்னல்ல இன்னும் பாதிக்கு மேல கொஞ்சம் போகுது.

#17 பதினேழாம்_ஸ்பேனர்

இப்ப ரேடியேட்டர். இன்ஜின் நல்லா சூடானதும் நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, ரேடியேட்டர் முகத்தை மேல இருந்து கீழ வரைக்கும் கையைக் கிட்ட வச்சுத் தடவுற மாதிரி பாருங்க. நடுவுல எங்கயாவது ஜில்லுன்னு பட்டை பட்டையா தெரிஞ்சா அந்தக் குழாய் அடைச்சிருக்கு. வெளிப்பக்கமும் பாருங்க, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பூச்சியும் மண்ணும் கம்பளி மாதிரி அடைச்சிருக்கும். இன்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா, சாதா ஹோஸ் பைப் தண்ணியில கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட வச்சு அடிச்சா அந்த மெல்லிசு இலையெல்லாம் மடிஞ்சு அடைச்சுக்கும்.

உள்பக்கத்துக்கு எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 40 கிராம். இதுல மொத்தம் நாலு லிட்டர்கூடப் பிடிக்காது, 150 கிராம் வாங்கினா சரி. பழைய தண்ணியை வடிச்சுட்டு, கரைச்சு ஊத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, இன்ஜின் சூடானதுல இருந்து கால் மணி நேரம் ஐடிலிங். ஆறினதும் வடிச்சு, நல்ல தண்ணி விட்டு மூணு நாலு தடவை, தெளிவா வர்ற வரைக்கும் கழுவுங்க. தெர்மோஸ்டாட் இல்லாம இருக்கிறதுக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் லாபம் இருக்கு, தண்ணி முழுக்கச் சுத்தும். டாய்லெட் கழுவுற ஆசிட், சோடா காரம் எதுவும் அலுமினியத்துக்கிட்ட போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: சில ரேடியேட்டர்ல அந்தப் படிவுதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கும். கழுவினதும் ஒழுக ஆரம்பிச்சா கழுவினதைத் திட்டாதீங்க.

#18 பழைய_இரும்பு

கழுவினதுக்கு அப்புறம் தெர்மோஸ்டாட் போடணுமா? மதுரை வெயில்ல?

#19 மூணு_சிலிண்டர்

மதுரை வெயில் 40 டிகிரி. இன்ஜினுக்கு வேண்டியது 85, 90. வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்தச் சூட்டைத் தராது.

தெர்மோஸ்டாட் வாங்கும்போது 82 அல்லது 88 என்று அதன் தட்டிலேயே பொறித்திருக்கும். மாருதி ஒரிஜினல் பாகம் கேளுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். பொறித்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும்போது முழுக்கத் திறந்திருக்க வேண்டும். எடுத்து ஆற வைத்தால் இடுக்கில்லாமல் மூட வேண்டும். காற்றுவிட ஒரு சின்னத் துளை இருக்கும். அது மேல் பக்கம் வரும்படி மாட்டினால்தான் காற்று வெளியேறும். பழைய கேஸ்கெட்டை மழுங்கலான தகட்டால் சுரண்டுங்கள், அலுமினிய முகத்தில் கீறல் விழக்கூடாது. போல்ட் சின்னது, முறுக்கினால் மூடி விரிசல் விடும்.

கூலன்ட் கலந்து வருவது என்றால் அப்படியே. அடர்த்தியானது என்றால் கேனில் போட்ட விகிதப்படி டிஸ்டில்டு வாட்டரில் கலக்கவும், குழாய்த் தண்ணீரில் இல்லை. பச்சையையும் சிவப்பையும் சேர்க்காதீர்கள். மூடி திறந்த நிலையில், ஹீட்டர் முழுச் சூட்டில், மெதுவாக ஊற்றி ஐடிலிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடானதும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மறுபடி பாருங்கள். காற்று மாட்டிக்கொண்டால் சென்சார் தண்ணீருக்குப் பதில் ஆவியை அளந்து தப்பாகச் சொல்லும்.

#20 வைகைக்கரை

ரேடியேட்டர் கழுவி (வந்த தண்ணி செம்மண் குழம்பு), தெர்மோஸ்டாட் 82, புது ரிலே, கூலன்ட். சிக்னல்ல முள் பாதிக்குச் சற்றுக் கீழ நிக்குது, ஃபேன் ஓடி ஓடி நிக்குது. ரிங் ரோட்டுலயும் அதே இடம். திராட்டில் பாடி (இன்ஜினுக்குள்ள காத்து போற வழி) சுத்தம் பண்ணினேன், ஐடிலிங் ஏறி இறங்கறது நின்னுடுச்சு.

சூடா ஸ்டார்ட் ஆகாதது அப்படியேதான் இருக்கு.

#21 பெட்ரோல்_வாசம்

இப்ப என் வேலை. அடுத்த தடவை பிடிக்காதப்போ செல்ஃப் அடிக்காம, சாவியை ஆன்ல வச்சு மூணு செகண்ட் பொறுங்க. பின்னால டாங்குல இருக்கிற பெட்ரோல் பம்ப் ரெண்டு மூணு செகண்ட் முனகி நிக்கும். ஆஃப். மறுபடி ஆன். மூணாவது தடவை செல்ஃப். உடனே பிடிச்சா, நிறுத்தி வச்ச நேரத்துல குழாய்ல பிரஷர் இறங்கிடுது, இன்ஜின் சூட்டுல மிச்ச பெட்ரோல் ஆவியாகுதுன்னு அர்த்தம். பிடிக்கலைன்னா எதிர்மாறா செய்யுங்க, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிச்சுக்கிட்டு செல்ஃப். அதுல பிடிச்சா இன்ஜெக்டர் ஒழுகி உள்ள பெட்ரோல் தேங்குது. ரெண்டுலயும் பிடிக்கலைன்னா ஒரு பிளக்கைக் கழட்டி ஸ்பார்க் பாருங்க. சூட்டுல மட்டும் செத்துப்போற கிராங்க் இல்ல கேம் பொசிஷன் சென்சார் இப்படித்தான் பண்ணும்.

#22 வைகைக்கரை

நீங்க சொன்ன முதல் வழியிலேயே, சாவியை ஆன் ஆஃப் பண்றதுலயே, பிடிக்குது. அஞ்சு தடவை பார்த்தேன், அஞ்சும்.

#23 பெட்ரோல்_வாசம்

அப்ப பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்க, நிறுத்தினதும் எவ்வளவு வேகமா விழுதுன்னு. இன்ஜெக்டருக்கு பெட்ரோல் தர்ற குழாய்ல (ஃபியூயல் ரெயில்) பிரஷர் ரெகுலேட்டர் இருக்கிற மாடலா இருந்தா அதுக்குப் போற வேக்குவம் ஹோஸைக் கழட்டி மோந்து பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா டயாபிரம் கிழிஞ்சிருக்கு, வேற எதையும் பாக்க வேண்டாம். காஞ்சிருந்தா, இன்ஜினை நிறுத்தின அதே நொடியில பம்ப்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸைத் துணி சுத்தி அமுக்கிப் பிடிங்க. பிரஷர் நின்னா பம்ப்புக்குள்ள இருக்கிற ஒருவழி வால்வு போச்சு. அப்பவும் விழுந்தா இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ. பழைய ஹோஸ் அமுக்கினா வெடிக்கும், மாத்தப்போற ஹோஸ்ல மட்டும் இதைச் செய்யுங்க. கேஜ் மாட்டறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு இன்ஜினைத் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடணும், இல்லாட்டி பெட்ரோல் முகத்துல பீச்சும்.

#24 வைகைக்கரை

ஓடும்போது 2.7, நிறுத்தினா 40 செகண்டில் பூஜ்யம். ரெகுலேட்டர் ஹோஸ் காய்ஞ்சிருக்கு. அமுக்கினா பிரஷர் நிக்குது. பம்ப் மாத்தணுமா?

#25 பெட்ரோல்_வாசம்

இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது 2.7 நிக்குதுன்னா மோட்டார் நல்லா இருக்கு. அந்த வால்வு தனியா கிடைக்காது, அதுக்காக முழு பம்ப்பையும் மாத்துறது ரெண்டு செகண்ட் பொறுமைக்கு அதிக விலை. சாவியை ரெண்டு தடவை ஆன் பண்ணி எடுங்க. நாலாவது கியர்ல மேடு ஏறும்போது இழுவை குறைஞ்சு திக்கினா, இல்ல பிரஷர் 2.5-க்குக் கீழ வந்தா அப்ப மாத்தலாம். அன்னைக்கு அடியில இருக்கிற வலை ஃபில்டரையும் சேர்த்து மாத்துங்க. கால் டாங்குக்கு மேல பெட்ரோல் வைக்காம வேலையை ஆரம்பிங்க. இப்ப அமுக்கின அந்த ஹோஸை மட்டும் உடனே மாத்திடுங்க.

#26 வைகைக்கரை

மாத்தியாச்சு, ஆர்9. டாங்க் நிரப்பி டாங்க் நிரப்பி கணக்கு பார்த்தேன்: 310 கிமீ, 19.6 லிட்டர், 15.8. மீதி ஒண்ணு எங்க போச்சு?

#27 மூணு_சிலிண்டர்

அரை கிலோமீட்டர் இ20 கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு, பத்து கிமீ பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுவையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின் சக்கரம் என்றால் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுக்கத் திரும்பவில்லை. டிரம்மைக் கழற்றும்போது வீல் சிலிண்டர் ரப்பர் உறையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவும். 145/80 ஆர்12 டயருக்கு 30 பிஎஸ்ஐ, ஆறிய டயரில்.

இன்னொன்று: 1,12,000 கிமீ ஆகிவிட்டது, டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரப்படி இயக்கும் ரப்பர் பட்டை) எப்போது மாற்றியது?

#28 வைகைக்கரை

பில் எதுவும் இல்லை. தெரியாது.

#29 மூணு_சிலிண்டர்

தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 18 வருட ரப்பர். பெல்ட்டோடு டென்ஷனரும், கேம், கிராங்க் ஆயில் சீலும் சேர்த்து. கவர் திறந்திருக்கும்போது வாட்டர் பம்ப்பின் கீழ்த் துளையில் காய்ந்த கூலன்ட் கறை இருக்கிறதா பார்க்கவும். இருந்தால் பம்ப்பும் அன்றைக்கே. இந்த மாதமே செய்யுங்கள், திருச்சிப் பயணம் அதற்குப் பிறகு.

#30 வைகைக்கரை

சரி. ரேடியேட்டர் மூடி வாங்கப் போறேன். 0.9 கேக்கணுமா 1.1 கேக்கணுமா?

#31 பதினேழாம்_ஸ்பேனர்

பழைய மூடியில என்ன போட்டிருக்கோ அதே.

#32 வைகைக்கரை

எழுத்து தேய்ஞ்சு போச்சு.

#33 பதினேழாம்_ஸ்பேனர்

0.9 வாங்குங்க. 18 வருஷ ஹோஸை வச்சுக்கிட்டு 1.1 பக்கம் போகாதீங்க.